அக்காவுக்கு ஒட்டிய மஞ்சள் டேப்

தரையில் டேப் ஒட்டுவதற்கு முன் ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் தூக்கிக்கொண்டு, நடப்பவர்கள் காலோடு போய்விடும். பலர் இதைச் செய்வதில்லை. வேலை என்று வந்துவிட்டால் எனக்கு அரைகுறை பிடிக்காது.

அக்காவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், வருகிறேன். முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவள்மேல் பொறாமை கிடையாது.

சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்வாள்: "நீ ஆடிக் காட்டும்மா. டேய், நீ அந்த நாற்காலியெல்லாம் ஓரமா எடுத்துப் போடு." அக்கா ஆடுவாள். நான் ஒரு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பேன். இறக்கி வைக்க இடமிருக்காது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அவளைக் கொஞ்சிவிட்டு, என்னிடம் திரும்பி உட்கார நாற்காலி கேட்பார்கள்.

வளர்ந்து நான் நிறுவல் கலைஞன் ஆனேன். ஓர் அறை முழுக்கப் பொருள்களை வைத்து, அந்த அறையையே கலையாக்கும் வேலை. இந்தக் கண்காட்சிக் கூடத்தில் நான் வைத்திருப்பது கால் உடைந்த நாற்காலிகள். எல்லாம் கூரையிலிருந்து மெல்லிய கம்பியில் தொங்குகின்றன. காற்று வந்தால் ஒன்றையொன்று தொடாமல் லேசாக அசையும். அப்படித் தொடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைப்பு, 'உட்கார இடமில்லை'.

கூடத்து மேலாளர்தான் ஆரம்பித்து வைத்தார். "சும்மா நாற்காலிய மட்டும் பாக்க யாருங்க வருவா? உங்கக்காவ நடுவுல ஆடச் சொல்லுங்களேன்" என்றார். அக்கா வந்தாள். "நல்லாத்தான்டா இருக்கு. அந்த நடு நாற்காலிய மட்டும் கொஞ்சம் நகத்தேன், கை இடிக்குது" என்றாள்.

நான் நாற்காலியை நகர்த்தவில்லை. டேப்பை நகர்த்தினேன்.

மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு ஆளே தெரியாது. ஒருமுறை தன் புருஷன், அதாவது மாமா என்று நினைத்து அலமாரியோடு சண்டை போட்டிருக்கிறாள். ஆடும்போது கண்ணாடி போடமாட்டாள். தரையில் நான் ஒட்டித்தரும் மஞ்சள் டேப்தான் அவளுக்கு வழி. பாட்டு அவள் காதில் மாட்டிய கருவியில் மட்டும் ஓடும், பார்ப்பவர்களுக்குக் கேட்காது. அது புதுமையாம். கடைசியில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பாள். கைத்தட்டல் காதில் விழும்வரை அசையமாட்டாள். கைதட்டினால்தான் அவளுக்கு ஆட்டம் முடிந்ததாக அர்த்தம்.

முதல் நாள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒருவர்கூட நாற்காலிகளைப் பார்க்கவில்லை. ஓர் அம்மாள், தாழத் தொங்கிய ஒன்றில் தன் கைப்பையை மாட்டிவிட்டு ஆட்டம் பார்த்தாள். நான் கோபப்படவில்லை. மறுநாள் காலை டேப்பை வாசல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி ஒட்டினேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அக்கா சுவரோரம் போனதும், கூட்டம் என் நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி நின்றது. அதனால் அவளை வாசலைத் தாண்ட வைக்க வேண்டியதாயிற்று.

கழிப்பறை வாசலில் அவள் சுழன்றபோது, வரிசையில் நின்றவர்கள்கூட வந்த அவசரத்தை மறந்துவிட்டார்கள்.

"டேய், ஏன்டா இங்க பினாயில் வாடை அடிக்குது?" என்று ஆட்டம் முடிந்து கேட்டாள்.

"கூடத்தக் கழுவியிருக்காங்கக்கா."

"அப்பச் சரி."

நடனம் சுவர்களைத் தாண்டிவிட்டது என்று ஒரு விமர்சகர் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். நாற்காலி என்ற சொல்லே அதில் இல்லை. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. ஆனால் அது பொறாமை இல்லை.

நேற்று பின்வாசலில் ஒரு சரக்கு லாரி நின்றது. "தரை கொஞ்சம் ஆடும்க்கா, நிறுவல்ல புதுசா ஒண்ணு சேத்திருக்கேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். "என்னமோ பண்ணித் தொலை. நாற்காலி மட்டும் என் மேல விழாம பாத்துக்கோ" என்றாள். சரிவுப் பலகைமேல் டேப் ஒட்டினேன். லாரிக்குள்ளும் ஒட்டினேன், துடைத்துக் காயவிட்டுத்தான். மூலையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தேன். நான் ஒன்றும் ராட்சசன் இல்லை.

அவள் ஏறினாள். பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டது நான். ஓட்டுநரிடம் "கிளம்பலாம்ணே" என்றதும் நான். இதுவும் ஆட்டத்தில் ஒரு கட்டம் என்று நினைத்து, கூட்டம் கைதட்டிக்கொண்டே லாரிக்குப் பின்னால் ஓடியது. அப்போது பாட்டு முடியவில்லை, அவள் காதில் அது விழுந்திருக்காது. முடிந்தபோது லாரி ஊரைத் தாண்டியிருக்கும். ஆகவே, எனக்குத் தெரிந்த அக்கா இந்த நிமிடமும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறாள். மாமா நேற்றிலிருந்து சாலை சாலையாகக் கைதட்டிக்கொண்டு அலைகிறாராம். பாவம், நல்ல மனுஷன்.

நான் கூடத்துக்குத் திரும்பி வந்தேன். ஈ காக்கைகூட இல்லை. நாற்காலிகள் எல்லாம் லேசாக அசைந்துகொண்டிருந்தன. அவ்வளவு அழகு. சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். லாரி எந்த ஊருக்குப் போனது என்பதும் எனக்குத் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் காலையிலிருந்து இதே கூடத்தில், இதே நாற்காலிகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். எனக்காக இல்லை. பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.