ஒரே மூச்சு

அண்ணி: ...போதும், அதை அணைச்சுட்டு என்னைப் பார்த்து உக்காரு.

தம்பி: இருங்க அண்ணி. ஒரு நிமிஷம்.

அண்ணி: உங்க குடும்பத்துல ஒரு நிமிஷம்னா பொழுது சாயற வரைக்கும்னு அர்த்தம். உங்கண்ணனும் இப்படித்தான் சொல்லிட்டு இருந்தாரு.

தம்பி: இருந்தாருன்னு ஏன் சொல்றீங்க? சொல்றாருன்னு சொல்லுங்க.

அண்ணி: ...வாய் தவறிடுச்சு.

தம்பி: முகமெல்லாம் வேர்த்திருக்கே. ஆஸ்பத்திரியில இருந்து நடந்தா வந்தீங்க?

அண்ணி: பஸ் வந்துச்சு. ஏறத் தோணல.

தம்பி: அண்ணன்கிட்ட யாரு இருக்கா?

அண்ணி: எங்கக்கா இருக்கா. தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...

தம்பி: சொல்லுங்க, ஆனா முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. திரையைப் பாருங்க.

அண்ணி: பார்த்தேன். ஒரு ஆளு ஓடறான். ஒம்பது வருஷமா இந்த வீட்டுக் கூடத்துல ஓடற அதே ஆளு. துவைக்காத அதே சட்டை.

தம்பி: எங்க ஓடறான்னு பாருங்க.

அண்ணி: எனக்கு என்ன தெரியும்? இந்தக் கேம்ல எனக்குத் தெரிஞ்சது அஞ்சே இடம். வாசல், அத்திமரம், கிணறு, பாலம், காத்தாடி மில். அதுக்கு மேல நான் படிக்கல.

தம்பி: அந்த அஞ்சை வெச்சே டாக்டரைக் கலங்கடிச்சவங்கதானே நீங்க.

அண்ணி: அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்தற...

தம்பி: என்ன கேட்டாரு, என்ன சொன்னீங்க? சொல்லுங்க.

அண்ணி: 'எப்படி இருக்காரு'ன்னு கேட்டாரு. 'போன மாசம் பாலத்துல இருந்தாரு டாக்டர், இப்பக் கிணத்துக்கு வந்துட்டாரு'ன்னேன்.

தம்பி: அதுக்கு அவரு?

அண்ணி: பேனாவைக் கீழ வெச்சுட்டு, 'எப்ப விழுந்தாரு, தலையில அடியா'ன்னாரு. சிரிக்காத. வீட்டுக்குள்ள பேசற பாஷை அங்கயும் வந்துடுச்சு, நான் என்ன பண்றது?

தம்பி: நீங்களாவது விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

அண்ணி: எப்படி விளக்கறது? 'எங்க வீட்டுக்காரரு வீடியோ கேம் ஆடுவாரு டாக்டர். ஆனா ஆட மாட்டாரு. அந்த ஆளை வாசல்ல நிறுத்தி, இவரு மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஓட விடுவாரு. மூச்சு எங்க விடறாரோ அங்க ஒரு சிவப்புக் கொடி நடுவாரு. அன்னைக்கு ஆட்டம் அவ்வளவுதான்.' இப்படியா சொல்றது?

தம்பி: மூலையில கேமே சதவீதம் காட்டுதேன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் தொண்ணூத்தி ஆறு முடிச்சேன். அண்ணன் இன்னும் பத்தொம்பதுலயே.

அண்ணி: 'சதவீதம் எவனோ எழுதினது, மூச்சு என்னோடது'ன்னு சொல்வாரே.

தம்பி: ம்.

அண்ணி: கல்யாணமான புதுசுல மில் வரைக்கும் போவாரு. கண்ணு ரெண்டும் பிதுங்கிட்டு நிக்கும். நான் பயந்துபோய் முதுகுல நாலு போடு போடுவேன். 'உன்னால பத்தடி போச்சு'ன்னு சண்டைக்கு வருவாரு. அப்புறம் அந்த டைல்ஸ் அறுக்கற வேலை... அந்தத் தூசி உள்ள போய் உக்காந்துச்சு. மில்லுல இருந்து பாலம். பாலத்துல இருந்து கிணறு.

தம்பி: ஆஸ்பத்திரியில மூச்சுப் பயிற்சிக்கு ஊதச் சொல்லி ஒரு டப்பா கொடுத்தாங்களே, மூணு உருண்டை போட்டு...

அண்ணி: இருக்கே. அதுல பல் குச்சி வெச்சிருக்காரு.

தம்பி: நான் கேட்டேன், ஏண்ணே ஊத மாட்டேங்கறேன்னு. 'உருண்டை மேல போய் என்னடா பார்க்கப் போகுது'ன்னாரு.

அண்ணி: கடைசியா நட்ட கொடி ஞாபகம் இருக்கா உனக்கு?

தம்பி: வாசல்லயே. ரெண்டடி.

அண்ணி: அன்னைக்குத்தான் அந்தக் கேமை அவரே அணைச்சாரு. மறுநாள் ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மெஷின் வெச்சாங்க.

தம்பி: அது அப்ப. இந்த ஒம்பது நாளா என்ன நடக்குதுன்னும் பார்த்தீங்கல்ல? தினமும் போட்டோ அனுப்பறேனே.

அண்ணி: அனுப்பற.

தம்பி: பூட்டின வீடு அண்ணி. உங்களுக்கு மாத்துத் துணி எடுக்க வர்றேன், கேமைப் போட்டுப் பார்க்கறேன், புதுசா ஒரு கொடி. மொத நாள் அத்திமரம். அப்புறம் கிணறு. நேத்து மில்லு.

அண்ணி: பூட்டின வீடு.

தம்பி: ஆமா.

அண்ணி: சாவி யார்கிட்ட இருக்கு?

தம்பி: ...அண்ணி.

அண்ணி: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

தம்பி: என்கிட்டதான். அதனால?

அண்ணி: உங்கண்ணன் நட்ட ஒரு கொடியாவது நேரா நின்னு பார்த்திருக்கியா? மூச்சு முட்டிப்போய்ப் பொத்துனு அமுக்குவாரு. ஒண்ணு கிழக்கே சாஞ்சிருக்கும், ஒண்ணு மேற்கே சாஞ்சிருக்கும். நீ அனுப்பின ஒம்பதும் தூக்குக்குண்டு பிடிச்சு நட்ட மாதிரி நிக்குது. லிஃப்ட் மாட்டறவன் புத்தி எங்க போகும்? கோவிச்சுக்காத. திட்டல.

தம்பி: எப்பத் தெரிஞ்சுது?

அண்ணி: ரெண்டாவது போட்டோலயே.

தம்பி: ஏன் ஒண்ணுமே கேக்கல?

அண்ணி: கேட்டா நிறுத்திடுவ. காலையில அந்த நாற்காலியில கண்ணைத் திறந்ததும் அதுக்காகத்தான் போனை எடுத்தேன். பொய்னு தெரிஞ்சும் பார்த்தேன் தம்பி. நர்ஸ்கிட்டகூடக் காட்டினேன், 'எங்க வீட்டுக்காரர் பாலத்தைத் தாண்டிட்டாரு'ன்னு. பாவம், அந்தப் பொண்ணும் கை கொடுத்துச்சு.

தம்பி: ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். திருட்டாட்டம் ஆடல. நானும் மூச்சைப் பிடிச்சுத்தான் நட்டேன். முதல் நாள் அத்திமரத்துக்கே தலை சுத்திடுச்சு. வேலை இடத்துல லிஃப்ட் குழிக்குள்ள நின்னு பழகிப் பழகித்தான் நேத்து மில்லுக்குப் போனேன்.

அண்ணி: எதுக்குடா இவ்வளவு?

தம்பி: எதுக்கா? நீங்க நம்பிக்கையை விட்டுடக் கூடாதுன்னுதான். முந்தாநாளே அந்தப் பேப்பரைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. மெஷினை எடுத்துடலாம், இனிமே அதுதான் மூச்சு விடுது, அவரு விடலன்னு. நேத்து டாக்டர் நீட்டினப்ப உங்க கை பேனாவைத் தேடுச்சு. நான் பார்த்துட்டு நின்னேன்.

அண்ணி: அதுல உங்கண்ணனே சொல்லி வெச்சிருந்ததுதான் எழுதியிருந்துச்சு. குழாயோட படுக்க வெச்சுடாதன்னு என்கிட்ட கையைப் பிடிச்சுச் சொன்னாரு.

தம்பி: காய்ச்சல்ல சொன்னது அது.

அண்ணி: காய்ச்சல் இல்லாதப்பவும் சொன்னாரு.

தம்பி: எனக்கு ஒரு நாள் கொடுங்கன்னு கேட்டேன். இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும். மணி இன்னும் ரெண்டுகூட ஆகல. கையெழுத்துக்கு அவசரம் இல்லல்ல?

அண்ணி: ...தண்ணி இருக்கா இங்க?

தம்பி: அடுப்பு மேடையில. பேச்சை மாத்தாதீங்க.

அண்ணி: மாத்தல. தொண்டை காயுது.

தம்பி: சரி, குடிச்சுட்டுக் கேளுங்க. ஒம்பது கொடி நான் நட்டது. ஒத்துக்கிட்டேனா? கடைசி கொடி மில்லு. அதுக்கு மேல என்னால ஒரு அடி முடியல. இப்பத் திரையைப் பாருங்க. மில்லு எங்க?

அண்ணி: ...காணோம்.

தம்பி: மில்லு போச்சு, அதுக்குப் பின்னாடி ஒரு மலை போச்சு, கடல் வந்துச்சு. இப்ப ஓடறானே, இந்த மணல், இது எனக்கே தெரியாது. தொண்ணூத்தி ஆறு சதவீதம் முடிச்சவன் சொல்றேன். இப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததில்ல.

அண்ணி: நீதானே ஓட்டற.

தம்பி: கன்ட்ரோலர் எங்க இருக்கு?

அண்ணி: உன் மடியில.

தம்பி: எடுத்துப் பாருங்க. கையில எடுங்க, கடிக்காது.

அண்ணி: லேசா இருக்கே...

தம்பி: பேட்டரி ரெண்டும் என் சட்டைப் பையில. இந்தாங்க.

அண்ணி: ...விளையாடாத தம்பி. இன்னைக்கு வேணாம்.

தம்பி: விளையாடல. நீங்க உள்ள வந்ததும் அணைச்சுட்டு உக்காருன்னீங்க. நான் ஏன் அணைக்கல? பிளக்கைப் பிடுங்க எத்தனை தடவை போனேன் தெரியுமா. முப்பது வருஷப் பழசு லிஃப்டுக்குள்ள தலையை விடறவன், ஒரு பிளக்கைத் தொடாமத் திரும்பி வந்து உக்காந்தேன். அணைச்சா அங்க அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு...

அண்ணி: அந்த டேபிள் ஃபேனைக் கொஞ்சம் நிறுத்து. குளிருது.

தம்பி: அது ஓடவே இல்ல அண்ணி. என் பக்கத்துல வந்து உக்காருங்க. எனக்கும்தான் பயமா இருக்கு.

அண்ணி: எப்ப இருந்து ஓடறான்?

தம்பி: நான் வந்து கதவைத் திறந்தா, டிவி போட்டிருக்கு. நேத்து நான்தான் அணைச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு. ஆளு வாசல்ல நின்னுட்டு இருந்தான். சும்மா இல்ல. நெஞ்சு மேல ஏறுச்சு... ஏறி அப்படியே நின்னுச்சு. உடனே கிளம்பிட்டான்.

அண்ணி: மணி என்ன அப்ப?

தம்பி: பதினொண்ணு இருக்கும்.

அண்ணி: இருக்கும் எல்லாம் வேணாம். சரியா சொல்லு.

தம்பி: பதினொண்ணு இருபது. உங்களுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன், அதுல பார்த்தேன். நீங்க எடுக்கல. ஏன் கேக்கறீங்க?

அண்ணி: சும்மாதான்.

தம்பி: ரெண்டரை மணி நேரம் ஆகுது. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கொடி விழல. எங்கயும் நிக்கல. ஆத்துல இறங்கினான், ஏறினான். மலையில ஏறினான். நான் பக்கத்துல உக்காந்து தண்ணிகூடக் குடிக்காம பார்த்துட்டே இருக்கேன்.

அண்ணி: மூச்சு விட்டாத்தானே கொடி.

தம்பி: அதைத்தானே நான் சொல்றேன். இன்னும் மூச்சு பிடிச்சுட்டு இருக்காரு. அண்ணன் உள்ள இருக்காரு அண்ணி. இது நான் நட்டது இல்ல, என்னால முடியாது, இது அவரு. அக்காவுக்குப் போன் போடுங்க, டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க...

அண்ணி: என்னன்னு சொல்லச் சொல்ல? கிணத்தைத் தாண்டிட்டாருன்னா?

தம்பி: சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க. போன் எங்க? கொடுங்க, நானே பேசறேன்.

அண்ணி: இரு. சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா?

தம்பி: இதோ... கூட்டிட்டேன். எதுக்கு?

அண்ணி: ஓடறப்ப இருமறானா?

தம்பி: இல்லவே இல்ல. காலடி மட்டும்தான் கேக்குது.

அண்ணி: நல்லா ஓடறான்ல... கையை வீசிட்டு.

தம்பி: அழறீங்களா? ஏன் அழறீங்க, நல்ல சேதிதானே இது. இங்க பாருங்க அண்ணி. உங்களை நான் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன்னு சொல்லுங்க. ஏதோ சொல்லணும்னு வந்தீங்களே, அதை அப்புறம் கேட்டுக்கறேன். முதல்ல இதைச் சொல்லுங்க.

அண்ணி: இதைத்தான் சொல்ல வந்தேன் தம்பி. பதினோரு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டுட்டேன், பதினொண்ணு இருபதுக்கு மெஷினை எடுத்துட்டாங்க. குழாயைக் கழட்டினதும் உங்கண்ணன் தானா ஒரு மூச்சு இழுத்தாரு, நெஞ்சு நிறைய... விடுவாரு, இப்ப விடுவாருன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்துட்டே நின்னேன், விடவே இல்லப்பா.