நாற்பது அவரைக் குச்சிகள்

விரிசல் விட்ட வாளியில்தான் புதினா நன்றாக வருகிறது. நல்ல வாளியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். விரிசலோ வேண்டிய ஈரத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் உட்கார்ந்திருப்பதுகூட இரண்டு பழைய டயர்களும் ஒரு கதவுப் பலகையும்தான். தயங்காதீர்கள், தாங்கும்.

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். ஓய்வுபெற்ற மறுவாரமே, வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் இடையில் உள்ள இந்த இடத்தைச் சீர்செய்யத் தொடங்கினேன். அப்போது எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். தோட்டத்துக்கென்று எதையும் கடையில் வாங்குவதில்லை. வீட்டில் மூன்று நாள் யார் கையும் படாமல் கிடக்கும் பொருள் எதுவானாலும் அது தோட்டத்துக்கு வந்துவிடும். ஒழுகும் கெண்டி, கைப்பிடி போன குக்கர், காது கிழிந்த பள்ளிப் பைகள் என்று ஒவ்வொன்றும் வந்து பூத்தது.

என் மனைவி தையற்காரி. பார்வை மங்கியதால் ஒரு வாரம் மெஷினைத் தொடவில்லை. அதன் இரும்புக் கால்கள் சாமந்தித் தொட்டிகளுக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்தன என்று நீங்களே பார்க்கலாம். அவளுடைய நிலைக்கண்ணாடியை மதில்மேல் சாய்த்து வைத்தேன். சின்ன இடத்தில் கண்ணாடி வைத்தால் தோட்டம் இரண்டு மடங்காகத் தெரியும்.

"என் முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வாசலுக்கு வந்து பாரேன், பூவோட சேந்து தெரியும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவளுடைய தம்பி வேடிக்கையாகப் பேசுகிறவன். வரும்போதெல்லாம், "மாமா, நான் ரெண்டு நிமிஷம் அசையாம நின்னா என் தலையிலயும் செடி நட்டுடுவீங்க போல" என்பான். புகார் கொடுத்தவன் அவன்தானே? அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

சென்ற மழைக்காலத்தில் அவள் பின்படியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அதில் என் பங்கு ஏதுமில்லை; மழைதான் காரணம். அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வீடு திரும்பினாள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன். அந்த இரண்டு மாதத்தைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. தோட்டத்தில் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னலில் அவள் முகம் இருக்கும். "அந்தச் சிவப்புத் தொட்டிய இடப்பக்கம் தள்ளுங்க" என்பாள். தள்ளுவேன்.

நடைப்பயிற்சி கொடுக்க பிசியோ பெண் வாரம் இருமுறை வந்தாள். "அம்மா, முப்பது அடிதான். யாரு கையையும் பிடிக்காம கேட் வரைக்கும் போய்த் தொட்டுட்டு வந்துட்டீங்கன்னா, உங்க தம்பி வீட்டு மாடிப்படிய தாராளமா ஏறலாம்" என்றாள்.

தம்பி வீடு எதற்கு என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அங்க போறேங்க" என்றாள் மனைவி.

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்லீங்க. இருந்துடலாம்னு பாக்கறேன்." வாக்கரைக் கட்டிலோரம் இழுத்து வைத்துக்கொண்டே, "அங்க என் சாமானை யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள்.

நான் என்ன செய்வது? கோபப்பட எனக்குத் தெரியாது. கெஞ்சவும் வராது. வகுப்பில் முரண்டு பிடிக்கும் பிள்ளைக்குக் கதை சொல்வேன். அதையே செய்தேன். ஒரு குருவி கூடு கட்டியதாம். பஞ்சு கிடைக்காத காலம். அதனால் தன் பேடையின் இறகில் தினம் ஒன்றை, வலிக்காமல் எடுத்துக் கூட்டுக்குள் பரப்பியதாம். கட்டி முடித்தபோது அந்தக் காட்டிலேயே அவ்வளவு கதகதப்பான கூடு வேறொன்று இல்லையாம்.

"அப்புறம் அந்தப் பொண்ணு குருவி எப்படிப் பறந்துச்சு?"

"அதான் கூடு இருக்கே. எதுக்குப் பறக்கணும்?"

"வாத்தியார்னா வாத்தியார்தான்" என்று சொல்லிவிட்டுத் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, நான் அவரைக் கொடிகளுக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தேன். வாக்கரின் டக் டக் சத்தம் எனக்குப் பின்னால் வந்தது, என்னைக் கடந்தது, கேட்டருகே நின்றது. அவள் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தாள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. அன்றே தம்பிக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னானாம்.

அவரைக் குச்சிகள் மொத்தம் நாற்பது. குனியும்போது கண்ணில் குத்தாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் ஏதாவது மாட்ட வேண்டும். முப்பத்தாறுக்குப் பாட்டில் மூடி மாட்டியிருக்கிறேன். மீதி நான்கில் இருப்பது, வழுக்காமல் இருக்க வாக்கரின் கால்களில் மாட்டும் ரப்பர் புஷ். அதைத்தானே கேட்கிறீர்கள்? செவ்வாய்க்கிழமை மதியம், அவள் தூங்கும்போது கழற்றினேன். அளவு கச்சிதமாக இருந்தது.

புதன்கிழமை காலை வழக்கம்போல் கூடத்தைத் துடைத்தேன். தினமும் அவள் எழுவதற்கு முன்பே துடைத்துவிடுவேன். அன்று சற்றுத் தாமதமாகிவிட்டது.

அவளைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், கொடுக்கவில்லை. அவள் அழவில்லை. சாய்ந்து கிடந்த வாக்கரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"இதையுமா?"

இனி அவளால் நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோதும் அழுதவன் நான்தான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூடிப் பெட்டிக்குள் இன்னும் நான்கு மிச்சம் இருக்கிறதே, முப்பத்தாறோடு ஏன் நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். உங்கள் கண் கூர்மையானது. ஆம், நாற்பது இருந்தன. நான்கை எடுத்து ஓரமாக வைத்தேன். வியாழக்கிழமை என்ற ஒன்று வராமல் இருக்க எனக்கு வேறு வழி புலப்படவில்லை. வேண்டுமென்றுதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

வாக்கரைத் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. அதோ, அவரைக் கொடி படர்ந்திருப்பது அதன்மேல்தான். மூன்று நாள் முழுதாகக் காத்திருந்துதான் எடுத்தேன். என் விதியை நான் மீறியதில்லை. ஜன்னலோரக் கட்டிலைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். படுத்தபடியே முழுத் தோட்டமும் தெரியும்படி கண்ணாடியையும் திருப்பிவிட்டேன். அவளை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று மட்டும் நீங்கள் கேட்டுச் சொன்னால் போதும். அவரை பூக்கத் தொடங்கிவிட்டது. இதையெல்லாம் அவளுக்காகத்தானே செய்தேன்.