இளஞ்சிவப்பு வளையங்கள்

பார்லி டீயைச் சூடாகக் கொடுத்ததற்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த வெயில் மாதத்தில் எங்கே போனாலும் பனிக்கட்டி போட்டு நீட்டுகிறார்கள், என் பல்லுக்கு அது ஆகாது. நானாகவே வந்தவன். யாரும் பிடித்து இழுத்து வரவில்லை. குரோஹிரா கணவாயில் எரிந்த காரைப் பற்றி, 'ஒயரிங் வேலையில் கவனக்குறைவு' என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்களாம். தகாசாகியில் எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்த மோகி கட்டிய ஒயரைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

பட்டறை என் தங்கை கணவர் ஹகிவாராவுடையதும் என்னுடையதும். எங்களுக்கு முடி கறுப்பாக இருந்த காலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்தது. அவர் கார் ஓட்டுவார், வாடிக்கையாளரைச் சிரிக்க வைப்பார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுப்பேன். என் அப்பா ரயில் ஓட்டியவர். சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது, விரல் நீட்டிக் காட்டி, 'சரி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவன் நான். கார் வெளியே போகும் முன் ஹகிவாரா ஒவ்வொன்றாகக் கேட்பார், நான் விரல் நீட்டிச் சரி சொல்வேன். அதன் பிறகு யாரும் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை.

ஒரு வாடிக்கையாளர் கேலி செய்தார். "என்னங்க, காருக்கு மந்திரம் ஓதுறீங்களா?"

ஹகிவாரா சொன்னார். "ஓதுறதுதான். எங்க மச்சான் விரலை நீட்டிச் சரின்னுட்டா, நான் கண்ணை மூடிக்கிட்டு மலை ஏறுவேன்."

இந்தப் பேச்சை நான் வெகுகாலம் நெஞ்சில் வைத்திருந்தேன். அதனால்தான் மற்றது அவ்வளவு வலித்தது.

அந்த மற்றதை எனக்குச் சொன்னவர் உதிரிபாகம் கொண்டுவரும் ஒகானோ. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, "வாழ்த்துகள் மோகி அண்ணே. ஓய்வு எடுக்கப் போறீங்களாமே. கொடுத்து வச்சவரு" என்றார். நானும் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. பட்டறையை மாஎபாஷியில் இருக்கும் ஷிமானுகியின் பெரிய பட்டறையோடு சேர்க்கிறார்கள். அங்கே ஒயரிங்குக்குக் கணினியோடு உட்காரும் பையன்கள் இருக்கிறார்கள். பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரருக்குத் தெரியும். பார்சல் கொண்டுவருகிறவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

தங்கை சாயோகோவிடம் போய்க் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய், காகிதம் சுற்றி வாழ்த்து நாடா கட்டிய நீளமான பெட்டி ஒன்றை எடுத்துவந்தாள். தூண்டில் கோல்.

"உன் மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னுதான் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தோம் அண்ணா. பட்டறை தனியா நிக்க முடியாது. உனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"நான் எப்பம்மா மீன் பிடிச்சேன்?"

"இனிமே பிடிக்கலாமே."

அவளை வளர்த்தது நான், ஐயா. அம்மா போனபோது அவளுக்குச் சடை பின்னத் தெரியாது. பின்னிவிட்டது இந்தக் கைகள்தான். எல்லோரும் சேர்ந்து என்னைச் செத்தவனாக்கிவிட்டு, கருமாதிக்கு மட்டும் என்னையே அழைத்தது போல இருந்தது. ஆனாலும் தூண்டிலை வாங்கிக்கொண்டேன். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

மறுநாள் ஹகிவாரா கடைசி வேலையைக் கொடுத்தார். எங்கள் பழைய பந்தயக் காரில் புது இன்ஜெக்டர்களும் புதுக் கணினியும் பொருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கணவாய்க்கு அப்பால் ஷிமானுகியின் ஆட்களுக்கு அதை ஓட்டிக் காட்டப் போகிறார்.

"பழைய ரெசிஸ்டர் பெட்டியைக் கழட்டிடுங்க மச்சான். புதுவகைக்கு அது வேணாமாம்" என்றார்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் சின்னக் குழாய். அதற்குள் கம்பிச் சுருள் உண்டு. கணினி மின்சாரம் விட்டால் திறக்கும், நிறுத்தினால் மூடும். இதில் இரண்டு சாதி. தடை கூடிய வகை மின்சாரத்தை அளவாகக் குடிக்கும், அதைக் கணினியோடு நேராக இணைக்கலாம். தடை குறைந்த வகை மொடாக் குடிகாரன். அதை நேராக இணைத்தால் கணினியின் கை வெந்துவிடும். அதனால் நடுவில் ரெசிஸ்டர் பெட்டி இருந்து, போதும் போதும் என்று தடுக்கும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே பிளக். மீட்டர் வைத்தால்தான் தெரியும். எங்கள் ஊரில் விற்பவர்கள் அடையாளத்துக்காகப் புதுவகையின் கழுத்தில் இளஞ்சிவப்பு வளையம் போடுகிறார்கள்.

பெட்டியைக் கழற்றச் சொன்னது அவர்தான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சொல் கேட்டுத்தான் கழற்றினேன்.

ஷிமானுகி அனுப்பிய புது இன்ஜெக்டர்கள் என் அலமாரியில் அரிசி பிஸ்கட் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒரு கீறல் இல்லை. காரில் நான் பொருத்தியது பழைய வகை, தடை குறைந்தது. சாயோகோ பட்டறைக் கழிவறையில் மறந்து வைத்த நகப்பூச்சு ஒன்று இருந்தது, நல்ல இளஞ்சிவப்பு. பழையவற்றின் கழுத்து வளையங்களுக்கு இரண்டு பூச்சு கொடுத்தேன். முதல் பூச்சு காயும் வரை காத்திருந்துதான் இரண்டாவது. அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இன்ஜின் உடனே ஓடியது. ஓடத்தான் செய்யும். கை வேக நேரமாகும். சமதரையில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் இன்ஜினை விரட்ட விரட்டச் சூடு ஏறும். கணினிக்குள் இருக்கும் சுவிட்சு வெந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, இன்ஜெக்டர் திறக்காமல் போய் இன்ஜின் நின்றுவிடும். அல்லது, மூடாமல் திறந்தே நின்றுவிடும். பெட்ரோல் வழிந்து, பழுக்கக் காய்ந்த புகைக்குழாய்க்குள் போகும். எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் முதலாவதைத்தான் நினைத்தேன். ஷிமானுகி காத்திருக்க, இவர் நடுமலையில் நின்று எனக்குப் போன் செய்ய வேண்டும். 'மச்சான், நீங்க இல்லாம முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஞாயிறு காலை வழக்கம் போல வாசலில் நின்றோம்.

"பெட்ரோல் குழாய்?"

"சரி."

"இன்ஜெக்டர்?"

விரல் நீட்டினேன். "சரி."

"ஒயர் இணைப்பு?"

"சரி."

ஹகிவாரா கையுறையை மாட்டிக்கொண்டே சட்டென்று தலைகுனிந்தார். "மச்சான், உங்ககிட்ட நேரா சொல்லாதது என் தப்பு. இன்னிக்கு முடிஞ்சதும் உக்காந்து பேசலாம்."

"முதல்ல மலையைத் தாண்டுங்க மாப்ள" என்றேன்.

நான் கருவிகளோடு பட்டறை வேனில் பின்னால் வருவதாக ஏற்பாடு. சாயோகோ தயங்கி நின்றாள். அவள் கையில் ஷிமானுகி வீட்டுக்கு எடுத்துப்போகும் பலகாரப் பை. "நான் உன்கூட வேன்ல வரட்டுமா அண்ணா? வழியில பேசிக்கிட்டே போலாம்."

வேனில் இடம் இருந்தது ஐயா. என் பக்கத்து இருக்கை காலி.

"கார்லயே போம்மா. புருஷன் பக்கத்துல நீ இருந்தாத்தான் அழகு" என்றேன்.

கார் ஏற்றம் முழுக்க ஓடியது. உச்சி தாண்டி இறக்கத்தில்தான் நடந்தது. பின்னால் வேனில் வந்த நான் முதலில் புகையைப் பார்த்தேன். இன்ஜின் இறந்ததும் பிரேக் கல்லாகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது, அது உங்களுக்குத் தெரியும். ஹகிவாரா பக்கக் கதவு திறந்துகொண்டது. சாயோகோ பக்கம் பாறையோடு ஒட்டி நின்றது, அவள் வெளியே வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரிடம் நீங்கள் விசாரித்தபோது என்ன சொன்னார் என்று உங்கள் ஆள் என்னிடம் சொன்னார். "ஒயர்ல தப்பு இருக்காதுங்க. மச்சான் சரின்னு சொல்லிட்டாரு." வாயெல்லாம் வெந்து கிடக்கையிலும் அதைச் சொல்லியிருக்கிறார். என் வேலைக்கு மதிப்பு இருந்ததென்று அப்போதுதான் நிம்மதி வந்தது. ஆகவே கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தக் காரில் கவனமில்லாமல் செய்த வேலை ஒன்றுகூட இல்லை.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். சாயோகோவுக்குப் பந்தய இருக்கையின் பட்டையைச் சரியாக மாட்டத் தெரியாது. நான்தான் குனிந்து மாட்டினேன். சின்ன வயதில் சடையை இழுத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்து, விரல் நீட்டி, சரி என்று சொல்லித்தான் கதவை மூடினேன். கெட்ட எண்ணம் இருக்கிறவன் அவ்வளவு அக்கறையாகச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.