இரண்டாவது டிக்

மணி ஏழு இருக்கும். மழை விட்ட சாலை... ஈ காக்கா இல்லை. என் சிநேகிதனின் அத்தான் ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தவர் சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டார். அவர் பூட்டிவிட்டுப் போன வீட்டின் ஜன்னலில்... சிவப்பு விளக்கு எரிகிறது.

"அணைக்க மறந்திருப்பாரு" என்று யாராவது வாயைத் திறந்தீர்களோ, எழுந்து போய்விடுவேன். முதலில் அந்த விளக்கின் கதையைக் கேளுங்கள்.

பெரிய கட்டடங்களின் விளக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது அத்தானின் தொழில். அவர் மாட்டும் பொத்தான் தானாக எதையும் எரிய வைக்காது. 'யாரோ தொடுகிறார்கள்' என்று ஒரு சின்னப் பெட்டிக்குச் சொல்லும். மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். மனைவி, அதாவது என் சிநேகிதனின் அக்கா, படுத்த படுக்கையானதும் மாடியில் கட்டிலோரச் சுவரில் அப்படி ஒரு பொத்தான் வைத்தார். அவள் அழுத்தினால் கீழே அவருடைய வேலை அறையில் சிவப்பு விளக்கு எரியும். இவர் ஓடுவார். அழுத்தும்போது அதே அறையில் இருக்கும் பெட்டியில் ஒரு டிக்... விரலை எடுத்தால் இன்னொரு டிக், விளக்கும் அணைந்துவிடும்.

தூக்கத்தில் அவள் கை பட்டு விளக்கு சும்மா சும்மா எரிந்தது. மனுஷன் படியேறி ஏறி ஓய்ந்துபோனார். அதனால் ஆபீஸ்களில் செய்வதையே வீட்டிலும் செய்தார். மூன்று செகண்ட் அழுத்திப் பிடித்தால்தான் விளக்கு எரியும்.

"மூணு செகண்டா? அதுக்குள்ள நானே எழுந்து வந்துடுவேங்க" என்று சிரித்தாளாம் அக்கா.

ஒரு சாயங்காலம்... டிக் டிக். டிக் டிக். இவர் நிமிர்ந்து பார்த்தார். விளக்கு எரியவில்லை. தூக்கத்தில் கை படுகிறது என்று குனிந்து வேலையைப் பார்த்தார். டிக் டிக்... கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

மாத்திரையோடு மாடிக்குப் போனபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்திப் பிடிக்கத் தெம்பில்லாமல், பாவம், தட்டித் தட்டியே கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாளே பொத்தானைப் பிடுங்கி எறிந்தார். சுவரில் மிஞ்சியது இரண்டு வயர் முனைகள்தான். அவற்றுக்கும் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டார்.

சரி... அந்த மழை நாளுக்கு வாருங்கள். கதவைத் திறந்ததும் அவளுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. மாடிக்கு ஓடினார். கட்டில் காலி. வயர்களில் சுற்றிய டேப் சுற்றியபடியே இருந்தது.

சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"வந்துட்டேம்மா... இந்தத் தடவை வந்துட்டேன். விரலை எடு, கை வலிக்கும்."

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். கீழே ஒரு சத்தமும் இல்லை.

போன வாரம் என் சிநேகிதன் பார்த்துவிட்டு வந்தான். அத்தான் அந்தச் சுவரோரமே உட்கார்ந்திருக்கிறாராம். விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதாம்... அந்த இரண்டாவது டிக் இன்னும் கேட்கவில்லை.