பல் தடம்

— அப்படி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா எப்படிண்ணே? தேறுமா தேறாதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

— பொறுங்க தம்பி. குடைக்கம்பியா, ரெண்டு தட்டு தட்டிக் குடுக்கிறதுக்கு? புகை பிடிக்கிற பைப்பு. எங்க பிடிச்சீங்க இதை?

— பழைய சாமான் சந்தையில. பாலத்துக்குக் கீழே போடுவாங்களே, அங்க. உடைஞ்ச பொம்மை, ஒத்தைச் செருப்புக்கெல்லாம் நடுவுல கிடந்துச்சு.

— உங்க தலையில நல்லாக் கட்டிட்டான். கருப்பு பெயிண்ட் அடிச்சிருக்கான் பாருங்க. நகத்தால சுரண்டினா வருது. உள்ள மரம் செம்மண் நிறம்.

— எங்கப்பாவோடதும் செம்மண் நிறம்தான். எதுக்கு இதுக்குப் போய் பெயிண்ட்?

— விரிசலை மறைக்க. புகையிலை வைக்கிற கிண்ணத்துல பாதிச் சுத்து ஓடியிருக்கு. சூட்டுல வர்ற விரிசல்னா உள்ளேர்ந்து வெளிய வரும். இது வெளியேர்ந்து உள்ள போகுது. எவனோ உயரத்துலேர்ந்து போட்டிருக்கான். சரி விடுங்க, மரத்தூளும் பசையும் குழைச்சு அடைச்சுடலாம். ஆனா நெருப்பு வெச்சா ரெண்டே நாள்ல வாயைப் பொளந்துடும்.

— நெருப்பே வைக்க வேண்டாம்ணே. வாயில வெச்சுக்கிட்டாப் போதும்.

— யாரு, நீங்களா?

— எங்கப்பா. சர்க்கரையில கண்ணு ரெண்டும் போயிடுச்சு. இப்ப கிட்னியும். டாக்டர் இனிமே மாசக் கணக்கு இல்லன்னுட்டார்.

— அடப்பாவமே. அப்போ அவரோட பைப்பைக் கொண்டாந்திருக்கலாமே. எதுக்கு சந்தையில பொறுக்குறீங்க?

— அது இல்ல. நான்தான் தூக்கிப் போட்டேன்.

— நீங்களா?

— ரெண்டு வருஷம் ஆச்சு. என் பொண்ணுக்கு மூச்சு இழுப்பு. ஒரு ராத்திரி ரொம்ப மோசமாப் போய், ஆஸ்பத்திரியில வெச்சு, விடிஞ்சு வீட்டுக்கு வந்தா இவர் ஜன்னலோரம் உக்காந்து அதை வாயில வெச்சிருக்கார். எனக்குக் கண்மண் தெரியல. பிடுங்கி மாடியிலேர்ந்தே குப்பை வண்டிக்குள்ள வீசினேன். "டேய், அதுல..."ன்னு என்னமோ சொல்ல வந்தார். நான் கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டேன்.

— கோபத்துல நடக்கிறதுதான்.

— அப்புறம்தான் என் வீட்டுக்காரி சொன்னா, அவர் புகைக்கிறதை விட்டே நாலு வருஷம் ஆச்சாம். பேத்தி பொறந்த அன்னிக்கு விட்டாராம். சும்மா வெறும் பைப்பைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கார். ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியல.

— மன்னிப்புக் கேட்டீங்களா?

— கேட்காம இருப்பேனா? காலைக்கூடப் பிடிச்சேன். காலை இழுத்துக்கிட்டார். அன்னிலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. மருமககிட்ட பேசுவார், பேத்திகிட்ட பேசுவார், கீரை விக்க வர்ற பொம்பளைகிட்டகூட ஊர்க்கதை பேசுவார். நான் உள்ள நுழைஞ்சா வாய் பூட்டிக்கும். அவர் போறதுக்குள்ள ஒரு தடவை "டேய்"ன்னு கூப்பிட்டுட்டா எனக்குப் போதும்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்.

— அதுக்கு இந்தப் பைப்பு?

— அவர் பைப்பு திரும்பக் கிடைச்சுடுச்சுன்னு சொல்லப் போறேன். கண்ணு தெரியாதே. வடிவம் ஏறக்குறைய இதேதான். நீங்க சரி பண்ணி, அவர் கடிச்ச மாதிரி அதே இடத்துல பல் தடம் மட்டும் போட்டுக் குடுத்துட்டா...

— தம்பி, இந்தக் கடையில முப்பது வருஷமா ஊன்றுகோல் ஒட்டுறேன், குடைப்பிடி மாத்துறேன், பைப்பும் பார்க்கிறேன். பல் தடத்தை அழிங்கன்னுதான் எல்லாரும் வருவாங்க. போட்டுத் தாங்கன்னு வந்த முதல் ஆள் நீங்கதான். அதோட கண்ணு போனவங்க கையை ஏமாத்துறது லேசு இல்ல.

— எப்படியாவது பண்ணுங்கண்ணே.

— சரி விடுங்க, பண்றேன். எந்தப் பக்கம் கடிப்பார்?

— எந்தப் பக்கம்னா?

— வலது கடைவாயா, இடதா? நடுவுலயா? பல்லு எல்லாம் சொந்தப் பல்லா, கட்டினதா?

— தெரியலண்ணே.

— நாப்பது வருஷமா அப்பாவைப் பார்க்கிறீங்க.

— குத்திக் காட்டாதீங்க. இருங்க, வீட்டுக்குப் போன் பண்றேன்... ஹலோ, நான்தான். அப்பா பைப்பை எந்தப் பக்கம் கடிப்பார்? ... நிஜமாத்தான் கேக்குறேன். பல்லு எப்படி, எங்க இருக்கும், எல்லாம் பக்குவமாக் கேட்டு வை. ... சரி, மருந்து வாங்க வர்றப்போ இங்கேயே வந்து சொல்லு. குடைக்கடை, மருந்துக்கடைக்கு எதிர்த்தாப்ல.

— வரட்டும். அதுக்குள்ள நான் மத்த வேலையைப் பார்க்கிறேன். வாய்க்குழாயைக் கழட்டணும். இறுகிக் கிடக்கு. இந்தா வந்துடுச்சு. அடேயப்பா, மூட்டுல என்னமோ சுத்தி வெச்சிருக்கார் மனுஷன்.

— என்னது?

— ஏதோ பிளாஸ்டிக் பட்டை. மஞ்சளாப் போயிருக்கு. பேனாவுல நம்பர் மாதிரி எழுதி அழிஞ்சு கிடக்கு. மூட்டு லூசாயிட்டா நூல் சுத்துவாங்க, காகிதம் சுத்துவாங்க. இந்த ஆள் கைக்குக் கிடைச்சதைச் சுத்தியிருக்கார். குப்பைத்தொட்டியில போட்டாச்சு. நான் தக்கை வெச்சுத் தர்றேன், ஆடவே ஆடாது.

— கிண்ணத்துக்குள்ள கரி இருக்கா?

— இருக்கு, ஆனா கல்லு மாதிரி. இது நெருப்பைப் பார்த்து ரொம்ப வருஷம் ஆச்சு. சுரண்டி எடுத்துடுறேன். உங்கப்பா பல்லு பட வேண்டிய இடத்துல இந்த ஆளோட பல் தடம் இருக்கு பாருங்க, அதை முதல்ல அராவணும். வலது கடைவாய்ல வெச்சுக் கடிச்சிருக்கார். மேல ஒரு பல்லு நல்லா ஆழமா இறங்கியிருக்கு. அதுக்குப் பக்கத்துல பாதிதான் பதிஞ்சிருக்கு.

— எவனோ எச்சில் பண்ணது. சுத்தமா எடுத்துடுங்க. அப்பா வாயில வைக்கப் போறது.

— எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். கருப்பு ரப்பர் இது, அரத்துக்கு வெண்ணெய் மாதிரி வரும். கொஞ்ச நேரம் பேசாம இருங்க, கை அலையக் கூடாது.

— சரிண்ணே, அராவுங்க.

— ம், முடிஞ்சுது. உப்புத்தாள் போட்டாச்சு. விரலை வெச்சுப் பாருங்க, குழந்தை கன்னம் மாதிரி இருக்கா?

— இருக்குண்ணே. ஒரு தடம்கூட இல்ல.

— குப்பை வண்டி மணி அடிக்குதே. தம்பி, எனக்கு முட்டி மடங்காது. அந்தத் தொட்டியைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கவிழ்த்துட்டு வர்றீங்களா? அடியில ரெண்டு தட்டு தட்டுங்க, பசை ஒட்டிக்கிட்டு எல்லாம் உள்ளயே நிக்கும்.

— குடுங்க.

— போட்டீங்களா?

— போட்டாச்சு. ரெண்டுக்கு நாலு தட்டாத் தட்டிட்டேன். ஒரு தூசு இல்ல.

— புண்ணியமாப் போகும். விரிசலை அடைச்சாச்சு, அது காயணும். உக்காருங்க, உங்க வீட்டுல வர்ற வரைக்கும்.

— அண்ணே, அவர் நம்புவாரா?

— தெரியல தம்பி. நான் மரத்தைச் சரி பண்ணுவேன். அதுக்கு மேல என்கிட்ட கேட்காதீங்க.

— எனக்கே நம்பிக்கை இல்ல. ஆனா சும்மா உக்காந்து அவர் மூச்சு விடுறதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. எதையாவது தூக்கிக்கிட்டு எங்கயாவது அலையணும்போல இருக்கு.

— இதோ வந்துட்டேன்ங்க. என்ன வெயில் வெளிய! கேளுங்க, மருந்துக்கடையில மாமாவோட மாத்திரை இல்லையாம், சாயங்காலம் வரச் சொன்னான். இவர்தான் ரிப்பேர் பண்றவரா? வணக்கம்ணே.

— வாம்மா தங்கச்சி. ஸ்டூல்ல உக்காரு. தண்ணி இல்ல, அது பசை, புடவையைத் தூக்கிக்கோ.

— கேட்டியா? அவருக்குச் சந்தேகம் வரலையே?

— கேளுங்க, எனக்கு அந்தப் பொய்யெல்லாம் சரிப்படாது. உள்ளதைச் சொல்லிட்டேன். உங்க பையன் சந்தையில வேற பைப்பு வாங்கி உங்க பல் தடம் வெச்சுத் தர அலையுறார் மாமான்னேன்.

— ஐயோ! எல்லாம் போச்சா?

— போகல. சிரிச்சார்ங்க. உங்களைப் பத்தின பேச்சுல அவர் சிரிச்சு எத்தனை நாள் ஆச்சு? அப்புறம் அவரே சொன்னார். வலது கடைவாயாம். மேல ஒரு பல்லு ஆழமாப் பதியும், பக்கத்துல பாதிதான் பதியுமாம். குளியலறையில விழுந்தப்போ உடைஞ்ச பல்லு.

— பாதிப் பல்லா?

— ஆமாண்ணே. ஏன், போடுறது கஷ்டமா?

— நீ சொல்லும்மா. வேற என்ன சொன்னார்?

— "பல் தடத்தை எவன் வேணாப் போட்டுக் குடுப்பான், அதை வெச்சு என்னை ஏமாத்த முடியாது"ன்னார். "மூட்டைக் கழட்டினா என் பைப்பு தெரிஞ்சுடும்"னார். கேளுங்க, நாம ரெண்டு வருஷமா பைப்பைத் தூக்கிப் போட்ட கோபம்னே நினைச்சுக்கிட்டு இருந்தோம். அது இல்லையாம்.

— பின்ன?

— நீங்க பொறந்தப்போ ஆஸ்பத்திரியில குழந்தை மாறிடக் கூடாதுன்னு நம்பர் எழுதிக் கையில ஒரு பட்டை கட்டிவிட்டாங்களாம். அத்தை பிரசவத்துலயே போயிட்டாங்கல்ல, போறதுக்கு முன்னாடி உங்க கையைப் பிடிச்சு அவங்க தடவிப் பார்த்தது அந்தப் பட்டையைத்தானாம். அதை மாமா பைப்பு மூட்டுல சுத்தி வெச்சிருந்தாராம், எப்பவும் கூடவே இருக்கட்டும்னு. "அதைத்தாம்மா வீசிட்டான் உன் புருஷன், பட்டையோட கொண்டாரச் சொல்லு, பேசுறேன்"னார். எங்கேர்ந்து கொண்டாருவோம் நாம? நானும் அழுதுட்டேன். ... என்னண்ணே, நீங்க ஏன் அந்தக் குழாயைக் கீழ வெச்சுட்டீங்க? ஏங்க, ஏன் அந்தக் காலித் தொட்டியைப் போய்த் துழாவுறீங்க?

— தம்பி... சரி வி... தம்பி, உக்காருங்க.

— அண்ணே, அந்த வண்டி போய் எவ்வளவு நேரம் ஆச்சு?