நான்காம் பக்கத்துப் புள்ளி

"முப்பது நாளைக்குத்தான் சார் அந்த சாஃப்ட்வேர் இலவசம். அதுக்கப்புறம் ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கால கம்பெனி பேரு சாம்பல் கலர்ல வந்து உட்கார்ந்துக்கும். அதையா கொண்டுபோய் கஸ்டமர்கிட்ட குடுக்க முடியும்?"

நான் சொன்ன இதை உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் சரியாகக் குறித்துக்கொண்டிருந்தால் மேலே போகலாம்.

மலிவான மென்பொருள் தேடியது உண்மை. அது குற்றமில்லை என்று நீங்களே சொன்னீர்கள். என் தொழில் சின்னது. பல் மருத்துவர், நடனப் பள்ளி, வாடகை வண்டி நிறுவனம் போன்றவர்களுக்கு, போனிலேயே நிரப்பி அனுப்பும்படி பிடிஎஃப் படிவங்கள் செய்து தருகிறேன். பெயர்பெற்ற மென்பொருள்கள் எல்லாம் மாதாமாதம் சந்தா கேட்டன. ஒரு வாரம் தேடி, ஒரே தடவை கட்டினால் போதும் என்கிற ஒன்றைப் பிடித்தேன். அதில் ஒரு குறைதான். எந்தக் கேள்வியையும் 'கட்டாயம்' ஆக்க முடியாது. பதில் சொல்லாமலே ஒருவர் படிவத்தை அனுப்பிவிடலாம்.

என்னிடம் படிவம் கேட்டு வந்த முதியோர் இல்லத்து மேலாளர் அம்மாவுக்கு அதுதான் தலைவலி. அவர்கள் படிவத்தின் நான்காம் பக்கத்தில், மூச்சு நின்றுபோனால் உயிர்காக்கும் சிகிச்சை தரலாமா என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று ஒரு வட்டம், 'வேண்டாம்' என்று ஒரு வட்டம். படிவத்தை நிரப்பும் பிள்ளைகள் யாரும் இரண்டையும் தொடுவதில்லை.

"எல்லாரும் நழுவிடறாங்க தம்பி. அவசரம்னு போன் பண்ணா எடுக்கவும் மாட்டாங்க. நீ என்ன வித்தை வேணா பண்ணு, அந்த இடம் மட்டும் காலியா வரக்கூடாது" என்றார்.

வித்தை எளிது. ஏதாவது ஒரு வட்டத்தில் முன்கூட்டியே புள்ளி வைத்துவிட்டால் காலியாக வராது. விருப்பமில்லாதவர் மாற்றிக்கொள்ளலாம். முதலில் 'ஆம்' என்பதில்தான் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து 'வேண்டாம்' என்பதற்கு நகர்த்தினேன்.

மேலாளர் அம்மாவை விட்டுவிடுங்கள். நிரம்பி வந்த படிவங்களை மட்டுமே அவர் பார்த்தார். பார்த்துச் சந்தோஷப்பட்டு, தெரிந்த இரண்டு பேரிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லவும் செய்தார்.

நாற்பத்திரண்டு பேருக்குப் போன படிவம் அது. இந்த வருடம் ஆறு பேருக்கு மூச்சு நின்றது. ஐந்து பேரை யாரும் தொடவில்லை. ஆறாவது, ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். அவர் மகள் நான்காம் பக்கம்வரை படித்துப் புள்ளியை மாற்றியிருக்கிறாள். அவர் இப்போது தானே எழுந்து பல் தேய்க்கிறாராம். படித்தவர்களுக்குப் படிவம் சரியாகவே வேலை செய்திருக்கிறது. உங்களிடம் வந்து சொன்னது அந்த மகளாகத்தான் இருக்கும்.

ஏன் நகர்த்தினாய் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் என் அப்பா.

அவர் அந்த இல்லத்தில் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். ஏற்கெனவே ஒரு தடவை மூச்சு நின்று, நெஞ்சை அழுத்தியதில் விலா எலும்பு ஒன்று முறிந்து, மீட்டெடுத்தார்கள். அதற்குப் பிறகும் உற்சாகமாகத்தான் இருந்தார். அதை நான் மறைக்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி, எதிரே பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். "ஓட்டத்தப் பாருடா, செருப்பு ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கம்" என்பார். "இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓட்டிடுவேன்" என்றும் சொன்னார். நான் படிவம் செய்ததற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது.

அக்காவுக்காகத்தான் செய்தேன். வாரம் முழுக்கத் தையல் கடையில் முதுகொடிந்துவிட்டு, ஞாயிறானால் இரண்டு பஸ் மாறிப் போய் அவருக்கு நகம் வெட்டி, உடம்பு துடைத்துவிட்டு வருவாள். நானும் கூடப் போகவேண்டியிருந்தது. அவளாக ஒருநாளும் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் அப்பாவுக்கான படிவத்தை நிரப்புகிறவள் அவள். வீட்டில் அவளை 'ரயில்வண்டி' என்றுதான் கூப்பிடுவோம். எதையும் இரண்டாம் பக்கத்துக்கு மேல் நின்று படித்தவள் இல்லை.

"நீ பண்ண ஃபாரமாடா? அப்ப சரியாத்தான் இருக்கும். அனுப்புற பட்டன் எங்க இருக்கு, அத மட்டும் சொல்லு."

சொன்னேன். கடைசிப் பக்கம், வலது மூலை.

மற்ற நான்கு பேரைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவுக்கு மட்டும் தனிப் படிவம் செய்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும், சார். அவ்வளவுதான்.

அப்பா போன மறுநாள், மேலாளர் அம்மா தந்த நகலை எடுத்துக்கொண்டு அக்கா என் அறைக்கு வந்தாள்.

"டேய், இந்தப் புள்ளிய நானாடா வச்சேன்? எனக்கு ஞாபகமே இல்லையே."

"அவசரத்துல கை பட்டிருக்கும்க்கா."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவள் கடைக்குப் போவதில்லை. கட்டைவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நான் ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள். "நீ ஒருத்தனாவது இருக்கியேடா" என்பாள்.

எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஐந்து பேரையும் கொன்றது நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அப்பாவைக் கொன்றவள் என்கிற நினைப்போடு இருக்க அவள் எப்படியோ பழகிக்கொண்டுவிட்டாள். செய்தது நான் என்று தெரிந்தால் அவளுக்குத் தம்பியும் இல்லை; அதற்கு அவளால் பழகமுடியாது. அவளுக்கு வேறு யாருமில்லை. அதனால் அவளிடம் மட்டும், அந்தப் புள்ளி அவள் கை பட்டு விழுந்ததுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன், சார்.