உள்கட்டுக் காடு

அந்தக் காலத்துல, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக் கெடந்த மேட்டாங்காட்டுல, நொச்சிவலசுன்னு ஒரு ஊர் இருந்துச்சாம். ஊருக்குத் தெக்க ஒரு மேய்ச்சக்காடு. சுத்தியும் கிளுவை வேலி, பாம்பு நுழைய முடியாத நெருக்கம். உள்ள போக வர ஒரே ஒரு முள்ளுப்படல்.

அங்க மாடு மேய்ச்சவ பூவாத்தா. புருசன் போயிட்டான், புள்ளைகுட்டி இல்லை. மாடுகதான் அவளுக்கு எல்லாம்.

ஒரு பங்குனி மத்தியானம், அவளோட மயிலைப் பசு மேயாம நின்னுச்சாம். கண்ணுல தண்ணி வடியுது. வாயைப் பொளந்து பார்த்தா ஈறெல்லாம் புண்ணு. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. வெக்கை நோய். ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு மாடு மிச்சம் வெக்காத நோய்.

பொழுது சாஞ்சா ஊர் மாடு பூராவும் ஒரே கல்தொட்டியிலதான் தண்ணி குடிக்கும். இவ மாடு அதுல வாய் வெச்சா ஊர் மாடு அத்தனையும் போச்சு.

காட்டுக்குள்ள விட்டுட்டு இவ மட்டும் வீட்டுக்குப் போலாம்னா அதுவும் ஆகாது. இவளைத் தேடி மாடுக வேலியை முட்டிப் பேத்துக்கிட்டு வந்துரும். அவளுக்குத் தெரியாதா? படலை இழுத்துச் சாத்துனா. கத்தாழை நாரை எடுத்து, உள்ள நின்னு இறுக்கிக் கட்டுனா.

கொழுந்தன் காளியண்ணன் ஓடியாந்தானாம்.

"நங்கை, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? வெளிய வாங்க."

"நான் வந்தா அதுகளும் வரும். நீ போ. சோத்தையும் தண்ணியையும் வேலிக்கு மேலால உள்ள எறக்கி வை. உள்ள வந்த குடம் வெளிய வராது, பார்த்துக்க."

"எங்கண்ணன் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பானா?"

"உங்கண்ணன் இருந்திருந்தா இந்நேரம் மாட்டைத் தொட்டிக்கு ஓட்டியிருப்பான். அவனுக்கு எதுலதான் பொறுமை இருந்துச்சு?"

மறுநாளும் வந்தானாம். ஒரு செவலைக் கன்னுக்குட்டி அவகிட்டத் துள்ளிக்கிட்டு நின்னுச்சு.

"அது நல்லாத்தானுங்க இருக்குது. மூக்கைப் பாருங்க, ஈரமா இருக்குது. அதை மட்டும் தூக்கிக் குடுங்க நங்கை. உங்களுக்குன்னு ஒண்ணாவது மிஞ்சட்டும்."

அவ கன்னைத் தூக்கிட்டாளாம். வேலிவரைக்கும் கொண்டாந்துட்டாளாம். அங்கயே நின்னுட்டா.

"முந்தாநேத்து இதோட ஆத்தாளுக்கும் ஈரமாத்தான் இருந்துச்சு," ன்னா. கன்னைக் கீழ எறக்கி விட்டுட்டா.

பொழுது சாயற நேரம் அவ பேர் சொல்லிக் கூப்பிடறது ஊருக்கே கேக்குமாம். "மயிலே... காரி... செவலே... வாங்கடி." உள்ளயிருந்து பதிலுக்குக் கத்துமாம். தொட்டியில தண்ணி குடிக்கற ஊர் மாடுக தலையத் தூக்கித் தெக்க பார்க்குமாம். நாளாக நாளாகப் பதில் கொறைஞ்சுச்சு. அப்புறம் பதிலே இல்லை. அவ மட்டும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா.

அப்புறம் அவ கொரலும் நின்னுபோச்சு. வெச்ச சோறு வெச்சபடியே இருந்துச்சு. ஆனா அன்னைக்குச் சாயங்காலம், உள்ளயிருந்து மாடுக பதிலுக்குக் கத்துச்சாம். எல்லா மாடும். தொட்டிக்கிட்ட நின்ன சனம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கலையாம்.

மழை பேஞ்சு நோய் ஓஞ்ச பொறவு காளியண்ணன் போனான். படல் சந்துல கையை விட்டு, உள்பக்கத்து முடிச்சை அவுத்தான். உள்ள மாட்டு எலும்பு கெடந்துச்சு. குடமெல்லாம் வரிசையாக் கெடந்துச்சு. அவ இல்லை. வேலியில ஒரு முள்ளுகூட ஒடியலை, அவன் அவுக்கறவரைக்கும் முடிச்சும் அப்படியே இருந்துச்சுங்கறாங்க.

அவ மாடுகளைத் தவிர நொச்சிவலசுல ஒரு மாடுகூடச் சாகலை. இன்னைக்கு அங்க மேயறதெல்லாம் அன்னைக்குத் தப்புன மாடுகளோட வம்சம்தான்.

அன்னையிலிருந்து அது உள்கட்டுக் காடு. சாயங்காலம் கடைசி மாட்டை ஓட்டிக்கிட்டு வெளிய வாரவங்க படலைக் கட்ட மாட்டாங்க. "சாத்திக்க ஆத்தா" ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம நடந்துருவாங்க. விடியக்காலம் வந்தா படல் உள்பக்கமாக் கட்டியிருக்கும். படல் சந்துல கையை விட்டுத்தான் அவுக்கோணும். அப்பக் கைமேல வெதுவெதுன்னு ஒரு மூச்சுப் படுமாம், மாடு மோந்து பார்க்கற மாதிரி. பட்டா கையை இழுக்கக் கூடாது. மோந்து முடிக்கறவரைக்கும் நிக்கோணும்.